கருத்து உறுதியாக இருக்கட்டும், கொதிப்பைக் கவனிப்போம்: வாசகர் கேள்வி பதில்

தேர்தல் நெருங்கினாலே எங்களுக்கு வரும் கடிதங்களின் தொனி மாறிவிடுகிறது. தூக்கம், வேலைச்சுமை, பிள்ளைகளின் படிப்பு என்று எழுதுபவர்கள்கூட "அரசியல் பேச ஆரம்பித்தாலே கை நடுங்குகிறது" என்று எழுதுகிறார்கள். இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். தியானப் பயிற்சி தருபவர்களும் மனநல ஆலோசகர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: நான்கு வருடமாக மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது நடப்பதை அந்தந்த நொடியில் கவனிக்கும் தியானம், பழகுகிறேன். அரசியலில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இந்தத் தேர்தலில் யார் வரக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பயிற்சியில் "எதையும் தீர்ப்பிடாமல் பார்" என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? கருத்தை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம். குழப்பம் முழுவதும் "தீர்ப்பிடாமல்" என்ற ஒரே சொல்லிலிருந்து கிளம்புகிறது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிதான் இன்று உலகமெங்கும் பரவியிருப்பது. நாள்பட்ட வலியோடு போராடியவர்கள் பலர் அங்கே வந்தார்கள். முதுகு வலித்தால் 'வலிக்கிறது' என்று மட்டும் பார், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி, இனி நான் அவ்வளவுதான்' என்று அதன்மேல் மாடி கட்டாதே என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். உள்ளே எழும் அனுபவத்தைப் பற்றிய அறிவுரை அது. ஒரு சட்டத்தைப் படித்துப் பார்த்து, இது தவறு என்று முடிவுக்கு வருவதை அது தடுக்கவே இல்லை.

மூலச் சொல்லையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'சதி', வடமொழியில் 'ஸ்மிருதி'. நேர்ப்பொருள் நினைவு. 1881-இல் ரைஸ் டேவிட்ஸ் என்ற பாலி அறிஞர் அதை ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று மொழிபெயர்த்தார். இன்றைய இயந்திர மொழிபெயர்ப்புகள் அதைத் தமிழில் 'நினைவாற்றல்' என்று போட்டுக் குழப்புகின்றன. தேர்வுக்குப் படிக்கிற நினைவாற்றலோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் 'மறக்காமல் இருத்தல்' என்ற வேர் நமக்கு உதவும். கோபத்தின் நடுவில் 'நான் இப்போது கோபத்தில் இருக்கிறேன்' என்பதை மறக்காமல் இருப்பதுதான் பயிற்சி. தேர்தல் நேரத்தில் முதலில் மறந்துபோவதும் அதுதான். நாங்கள் இனி 'விழிப்பு' என்றே எழுதுகிறோம்.

தியானமும் அரசியல் நிலைப்பாடும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் வியட்நாம் துறவி திக் நியட் ஹானைப் பாருங்கள். போர் நடந்துகொண்டிருந்த 1966-இல் அமெரிக்காவுக்குப் போய் அமைதிக்காக வெளிப்படையாகப் பேசினார். அதன் விலையாக 2005 வரை சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. 1967-இல் மார்ட்டின் லூதர் கிங் அவர் பெயரை நோபல் அமைதிப் பரிசுக்கு முன்மொழிந்தார். மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே, போரை நிறுத்தச் சொன்னவரும் அவரே.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் கருத்து: "இவர்கள் சொல்லும் வரித் திட்டம் சிறு தொழில்களை நசுக்கும்." இரண்டாவது வரியில் உணர்வு: "பயம். கொஞ்சம் அருவருப்பு." மூன்றாவது வரியில் உடல்: "தாடை இறுகியிருக்கிறது, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது." முதல் வரி மாற வேண்டுமென்றால் புதிய தகவல் வேண்டும், நல்ல எதிர்வாதம் வேண்டும். மற்ற இரண்டும் அரை மணி நேரத்தில் தானாகவே மாறிவிடக்கூடியவை. அவை தணிந்த பிறகு தாளை மறுபடி எடுத்துப் படியுங்கள். முதல் வரி அப்படியே நிற்கிறதா? அப்படியானால் அது உங்கள் கருத்து, தைரியமாகப் பேசுங்கள். பயம் வடிந்ததும் முதல் வரியிலும் பாதி வடிந்துவிட்டதா? அந்தப் பாதியை இன்னொரு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: காலையில் செய்தியைத் திறந்தாலே நெஞ்சு பற்றிக்கொண்டு வருகிறது. "மூச்சைக் கவனி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நொடியில் சரியாக என்னதான் செய்வது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முடியும். முதலில் உங்களுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழுத்தமான அரசியல் சார்புள்ள 40 பேரைக் காந்தப்புல ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் நம்பிக்கைகளுக்கு எதிரான வாதங்களைக் காட்டினார்கள். அரசியல் சாராத விஷயங்களில் மனத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டவர்கள், அரசியல் என்று வந்ததும் அசையவில்லை. மாற மறுத்தவர்களின் மூளையில் அமிக்டலாவும் இன்சுலாவும் கூடுதலாக இயங்கின. ஆபத்தையும் உணர்ச்சியையும் உடலின் உள்நிலையையும் கையாள்வதில் பங்குள்ள பகுதிகள் இவை. எதிர்க்கருத்து ஏதோ தாக்குதல் போல உடம்பில் இறங்குவது உங்கள் ஒருவர் பலவீனமில்லை.

ஆகவே வேலையை உடம்பிலிருந்தே தொடங்குங்கள். கட்டைவிரலைப் பாருங்கள். எரிச்சல் வந்ததும் அது ஒன்று திரையை வேகவேகமாகத் தள்ளும், அல்லது பதில் எழுதும் பெட்டிக்குமேல் போய்க் காத்துக்கொண்டு நிற்கும். கோபம் வந்தது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிடும். அதைத் தூக்குங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். அணைக்கத் தேவையில்லை, திரை கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

இரண்டு பாதங்களையும் தரையில் முழுதாக ஊன்றுங்கள். குதிகால் எங்கே தொடுகிறது, விரல்கள் எங்கே தொடுகின்றன என்று பத்து நொடி கவனியுங்கள். பிறகு கோபம் உடலில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். தொண்டையிலா, தோளிலா, அடிவயிற்றிலா? சூடா, இறுக்கமா, துடிப்பா?

அடுத்து அதற்கு ஒரே சொல்லில் பெயர் வையுங்கள். கோபம், பயம், அவமானம், ஆற்றாமை, எது பொருந்துகிறதோ அது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்வுக்கு வெறுமனே பெயர் சூட்டியபோதே அமிக்டலாவின் எதிர்வினை தணிந்தது. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். "அயோக்கியன்" என்பது உணர்வின் பெயர் இல்லை, அது எதிராளிக்கு நீங்கள் வைக்கும் பெயர். "ஏமாற்றப்பட்டேன்" என்பதிலும் குற்றச்சாட்டு பாதி ஒளிந்திருக்கிறது. சொல் உங்களைப் பற்றியதாக இருக்கட்டும். இன்னொன்று, தேர்தல் கோபத்தைக் கிளறினால் பல தடவை அடியில் பயம்தான் கிடக்கும். பிள்ளைகளின் எதிர்காலம், வேலை, மரியாதை என்று எதையோ இழந்துவிடுவோம் என்ற பயம். அதைக் கண்டுகொண்டவர் பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பெயர் வைத்த பிறகு மூச்சு. மனத்துக்குள் நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. சுமாராகப் பத்து நொடிக்கு ஒரு மூச்சு, ஆறு மூச்சு என்றால் ஒரு நிமிடம். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி, இதயத்துடிப்பு சற்று நிதானப்படும். பெரிதாக இழுத்து விட வேண்டாம். வேகமாக ஆழமாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றும், விரல் நுனிகள் மரத்துப்போகும். அதைப் பதற்றம் முற்றியதாக நினைத்து மேலும் பயந்துபோகிறவர்கள் உண்டு. சாதாரண அளவு மூச்சையே மெதுவாக விடுங்கள்.

கடைசியாகத் தன்னிடமே ஒரு கேள்வி: "இப்போது நான் செய்யப்போவது எதற்கு உதவும்?" பதில் கிடைத்தால் போனைத் திருப்பி அதைச் செய்யுங்கள். உண்மையைச் சரிபார்ப்பது, பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுவது, பிரசாரத்துக்கு நேரம் ஒதுக்குவது, எதுவாகவும் இருக்கலாம். பதில் இல்லையென்றால் போன் கவிழ்ந்தே இருக்கட்டும். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தை நசுக்குவதற்காக மூச்சை எடுக்காதீர்கள். 'இன்னும் போகவில்லையே' என்று ஒவ்வொரு மூச்சிலும் சோதித்துக்கொண்டிருந்தால் கோபத்தோடு சலிப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபம் இருக்கும்போதே நிதானமாக எழுத முடிகிறதா என்பதுதான் நாம் பார்ப்பது.

கேள்வி: தியானத்துக்குக் கண்ணை மூடினால் மனசுக்குள் மேடைப் பேச்சு ஓடுகிறது. எதிர்க்கட்சிக்காரர்களுக்கு நானே பதில் சொல்லி, நானே கைதட்டி, இருபது நிமிடம் போய்விடுகிறது. இது வீண்தானே?

வீணாகப் போனது பேச்சு ஓடியதால் இல்லை, ஓடுவது தெரியாமல் இருந்ததால். தெரிந்த நொடியில் 'பேச்சு' என்று ஒரு சொல் மனத்துக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். இருபது நிமிடத்தில் முப்பது தடவை திரும்ப நேர்ந்தால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. நல்ல வாதம் ஒன்று தோன்றி, மறந்துவிடுமோ என்று மனம் அடித்துக்கொண்டால், பக்கத்தில் தாள் வைத்திருங்கள். மூன்று சொல் எழுதிவிட்டுத் திரும்புங்கள். ஒரு அமர்வுக்கு ஒரு தடவைதான் அந்தச் சலுகை. இல்லாவிட்டால் தியானம் பேச்சுத் தயாரிப்பாக மாறிவிடும். தேர்தல் முடியும்வரை இருபது நிமிடத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்வதும் நல்லது.

கேள்வி: எங்கள் தரப்புக்குச் சாதகமான செய்தி வந்தால் உடனே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுகிறேன். பிறகு பொய் என்று தெரியவந்து இரண்டு தடவை தலைகுனிந்தேன். இதற்கும் ஏதாவது பயிற்சி உண்டா?

உண்டு. சமூக வலைத்தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அலசி, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. அரசியல் பொய்களே எல்லாவற்றையும்விட வேகமாக ஓடின. இதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமில்லை, அவை மெய்யையும் பொய்யையும் ஒரே அளவில்தான் பரப்பின. மனிதர்களின் கைதான் வித்தியாசம் செய்தது. இதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், அறமும் உணர்ச்சியும் கலந்து தொனிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பதிவின் பரவலைச் சுமார் 20 சதவீதம் கூட்டியது தெரிந்தது.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது கோபத்தை மட்டுமில்லை, மகிழ்ச்சியையும்தான். 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்' என்ற அந்தச் சின்னத் துள்ளல் இருக்கிறதே, நெஞ்சு லேசாகி உதட்டோரம் சிரிப்பு வரும், அதுதான் உங்கள் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் முப்பது நிமிடம் அனுப்பக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்றைப் பாருங்கள்: முதலில் வெளியிட்டது யார், படமோ காணொளியோ எந்தத் தேதியுடையது, இதே செய்தி எதிர்த்தரப்பைப் பற்றி வந்திருந்தால் என்ன ஆதாரம் கேட்டிருப்பீர்கள். மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதிச் செய்திகள் கையில் தங்கிவிடும். ஏற்கனவே அனுப்பியது பொய் என்று தெரிந்தால், அனுப்பிய அதே குழுவில் "நான் அனுப்பியது தவறு" என்று ஒரே வரி போடுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போவது போதாது, படித்தவர்கள் தலையில் அது இன்னும் இருக்கிறது.

கேள்வி: என் கருத்து சரியா, வெறும் பிடிவாதமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. விதி என்ன என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் விருப்பப்படி மூன்று மூன்று எண்களாகச் சொல்லலாம், பொருந்துகிறதா இல்லையா என்று பதில் வரும். பலரும் 'இரண்டு இரண்டாகக் கூடுகிறது' என்று ஊகித்து 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். முழு நம்பிக்கையோடு விடையைச் சொல்வார்கள். தவறு. விதி வெறுமனே 'ஏறுவரிசையில் இருக்க வேண்டும்' என்பதுதான். 1, 7, 50 என்று ஒரே ஒரு தடவை, தன் ஊகத்துக்குப் பொருந்தாத எண்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

தேர்தல் நேரத்தில் நாம் படிப்பதெல்லாம் 8, 10, 12தான். அதனால் வாரத்தில் இரண்டு நாள், உங்கள் உறுதியான கருத்து ஒன்றை எடுத்து, "எந்தத் தகவல் வந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன்?" என்று எழுதுங்கள். எழுத எதுவுமே தோன்றவில்லையென்றால், பிடிவாதம் எட்டிப்பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எழுத முடிந்தால், பத்து நிமிடம் அந்தத் தகவலைத் தேடுங்கள். எதிர்த்தரப்பில் ஆகச் சிறந்த கட்டுரையைப் படியுங்கள். ஆக அபத்தமான காணொளியைப் பார்த்துத் திருப்திப்படுவதில் பலனில்லை. படிக்கும்போது கண்ணைக் கவனியுங்கள். சங்கடமான வரி வந்தால் கண் அதைத் தாண்டிக் குதிக்கும். திரும்பப் போய் அந்த வரியை மெதுவாக வாசியுங்கள்.

அத்தோடு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கட்சி சரி என்று விழிப்புப் பயிற்சி உங்களுக்குச் சொல்லாது. அமைதியாக இருப்பவர் சொல்வதெல்லாம் உண்மையும் ஆகிவிடாது. மனம் தெளிந்தாலும் படிக்க வேண்டியதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: மனைவியின் அண்ணனும் நானும் எதிரெதிர் முகாம். குடும்பமாகக் கூடினால் பத்தாவது நிமிடம் குரல் உயர்கிறது. என் மனைவி இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுகிறாள். பேசாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்ய?

முதலில் உங்கள் மனைவியிடம் தனியாகப் பேசுங்கள். எந்த அளவு போனால் நிறுத்த வேண்டும் என்று அவரே சொல்லட்டும். ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். அவர் தோளைத் தொட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வாதத்தை முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்பது கிடையாது.

பாலி நூல்களில் பேச்சுக்கு ஐந்து அளவுகோல்கள் சொல்லப்படுகின்றன: உரிய நேரத்தில், உண்மையாக, மென்மையாக, பயன் தரும்படி, நல்லெண்ணத்தோடு. பலரும் 'உண்மை' ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் விட்டுவிடுகிறோம். உங்கள் விஷயத்தில் முதலில் தவறுவது நேரம். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, எல்லோர் முன்பும், மைத்துனரால் பின்வாங்க முடியாது. தோற்றதாகத் தெரியுமே. அதே ஆள் தனியாக உங்களோடு நடந்துவரும்போது வேறு மனிதராக இருப்பார்.

பேச்சு தொடங்கியேவிட்டால் முறை இது. அவர் சொல்லி முடித்ததும் ஒரு முழு வெளிமூச்சு விட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். அந்த மூன்று நான்கு நொடி, எதிரில் இருப்பவருக்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறார்' என்று படும். பிறகு அவர் சொன்னதை, அவரே 'ஆமா, அதைத்தான் சொல்றேன்' என்று ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லுங்கள்.

"மச்சான், நீங்க சொல்றது இதுதானா? இந்த ஆட்சியில வேலை போனவங்க உங்களுக்குத் தெரிஞ்சே பலர் இருக்காங்க. அதனால வேற யாராவது வந்தா பரவாயில்லைன்னு நினைக்கிறீங்க."

இதில் "ஆனா" என்று ஒட்டவைத்துவிடாதீர்கள். அந்த ஒரு சொல் முன்னால் சொன்ன அத்தனையையும் அழித்துவிடும். அவர் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லட்டும். அதன் பிறகு உங்கள் முறை: "எனக்கு வேற ஒரு பயம் இருக்கு, சொல்லட்டுமா?" கருத்தைப் பயமாகச் சொல்லும்போது அதை வெட்டிப் பேசுவது கஷ்டம். பொய்யும் இல்லை, உங்களுக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறது.

திட்டங்களைப் பற்றிய சண்டையென்றால் 'ஏன்' என்று கேட்பதை நிறுத்தி 'எப்படி' என்று கேளுங்கள். முதலில் உங்களையே கேளுங்கள். 2002-இல் ரோசன்பிளிட், கைல் என்ற ஆய்வாளர்கள் 'ஜிப்' எப்படி வேலை செய்கிறது என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். நன்றாகத் தெரியும் என்று மதிப்பெண் போட்டுக்கொண்டவர்கள், படிப்படியாக விளக்கச் சொன்னதும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஆதரிக்கும் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், யார் செயல்படுத்துவார்கள், முதல் ஆண்டில் என்ன நடக்கும் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான்காவது வாக்கியத்தில் தடுமாறினால், மைத்துனரிடம் பேசும்போது குரல் தானாகவே ஒரு படி இறங்கும்.

பயிற்சி செய்பவர்கள் விழும் குழி ஒன்றும் இங்கே இருக்கிறது. நிதானமான குரலையே ஆயுதமாக்குவது. "நீங்க ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகறீங்க? நான் அமைதியாத்தானே பேசறேன்" என்பதைவிட எரிச்சலூட்டும் வாக்கியம் குறைவு. அதைச் சொல்லும்போது உங்கள் நெஞ்சைப் பாருங்கள், அங்கே அமைதி இருக்காது, ஜெயித்த சந்தோஷம் இருக்கும்.

ஒருவருடைய பிறப்பை, உடலை, நம்பிக்கையை இழிவுபடுத்திப் பேசினால் இந்த முறைகள் எதுவும் தேவையில்லை. "இதை என் முன்னாடி பேசாதீங்க" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பொறுமை என்ற பெயரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எல்லோர்மேலும் அன்பு செலுத்தும் மைத்ரி தியானத்தில், நான் அடியோடு வெறுக்கும் தலைவரையும் வாழ்த்தச் சொல்கிறார்கள். வாயே வரவில்லை. பொய்யாக வாழ்த்தலாமா?

பொய்யாக வேண்டாம். உங்களுக்கு வரிசை தவறிவிட்டது, அவ்வளவுதான். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த அறிஞர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலிலேயே பகைவரை வைத்துத் தொடங்காதே என்று இருக்கிறது. முதலில் தன்னை, பிறகு மதிப்புக்குரிய ஒருவரை, பிறகு நெருங்கியவரை, பிறகு அறிமுகம் மட்டும் உள்ளவரை, கடைசியில்தான் பகைவரை. ஒவ்வொரு படியிலும் சில நாள் தங்குங்கள்.

தேர்தல் நேரத்துக்கு நாங்கள் ஒரு இடைப்படி சொல்வோம். தலைவரை விட்டுவிட்டு, அவருக்கு வாக்களிக்கப்போகிற, உங்களுக்குத் தெரிந்த ஒரு சாதாரண மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் காய்ச்சல் வருகிறது, அவருக்கும் பிள்ளையைப் பற்றிய கவலை இருக்கிறது. "இவர் பாதுகாப்பாக இருக்கட்டும்" என்ற ஒரு வரி போதும், ஐந்து நிமிடம். பலருக்குத் தேர்தல் முடியும்வரை இந்தப் படியே போதுமானது. தலைவரிடம் வந்தே ஆக வேண்டுமென்றால், "இவருக்கு வெறுப்பிலிருந்து விடுதலை கிடைக்கட்டும்" என்பதைச் சொல்லிப் பாருங்கள். அது அவரை ஆதரிப்பதாகாது. அவருக்கு எதிராக வாக்களிக்கவும் பிரசாரம் செய்யவும் தடையில்லை.

கேள்வி: வீடு வீடாகப் போய் வாக்குச் சேகரிக்கும் தொண்டர் நான். உட்கார்ந்து தியானம் செய்ய நேரமே இல்லை.

ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நடக்கிறீர்களே, அதுவே நேரம். முதல் பத்து அடிக்குப் பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள். கதவைத் தட்டியபின் திறக்கும்வரை ஒரு நீண்ட வெளிமூச்சு, தோளைத் தளர்த்துங்கள். முந்தைய வீட்டில் வாங்கிய திட்டை அடுத்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகாமல் இருக்க இது போதும். மாலையில் குரல் கரகரக்கும்போது நிறுத்திவிடுங்கள். களைத்த தொண்டர் பேசும் கடைசிப் பத்து வீடுகளில் பேச்சு தடித்துவிடுகிறது.

கேள்வி: கண்ணை மூடினால் பதற்றம் கூடுகிறது. சில சமயம் பழைய கலவரக் காட்சிகள் வருகின்றன. விடாமல் தொடர வேண்டுமா?

வேண்டாம், நிறுத்துங்கள். சிலருக்கு உள்நோக்கிய கவனம் பதற்றத்தை வளர்க்கும், வன்முறையை அனுபவித்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. கண் திறந்தபடி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள், தூரத்திலிருந்து வரும் ஒரு சத்தத்தைக் கேளுங்கள், கையால் நாற்காலியைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியைப் பிறகு அவர் துணையோடு தொடரலாம்.

கேள்வி: கடந்த தேர்தலில் வாக்கு எண்ணிக்கை நாளன்று விடியவிடியத் திரையைப் பார்த்து, மறுநாள் காய்ச்சலில் விழுந்தேன். இந்த முறை எப்படித் தயாராவது?

முதல் நாளே இரண்டு தாள் எழுதுங்கள். ஒன்றில், ஜெயித்தால் அடுத்த ஒரு வாரத்தில் நீங்கள் செய்யப்போகும் ஒரு காரியம். மற்றதில், தோற்றால் செய்யப்போகும் ஒரு காரியம். உங்கள் கையால் முடிகிற காரியமாக இருக்க வேண்டும். ஒரு அமைப்பில் சேர்வது, ஒரு கடிதம் எழுதுவது, உள்ளூர்க் கூட்டத்துக்குப் போவது. வாக்களித்துவிட்டீர்கள், இனி எண்ணிக்கையில் உங்கள் பங்கு எதுவுமில்லை என்பது உடம்புக்குத் தெரியாது. ஏதாவது செய், செய் என்று விரட்டும். செய்ய எதுவும் இல்லாததால் திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

எண்ணும் நாளில் செய்தி பார்க்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம். முன்னணி நிலவரம் மேலும் கீழும் போவதற்குப் பெரும்பாலும் எந்தப் பகுதிப் பெட்டிகள் முதலில் எண்ணப்படுகின்றன என்பதுதான் காரணம். ஒவ்வொரு அசைவுக்கும் நெஞ்சு சேர்ந்து ஆடினால் மாலைக்குள் களைத்துப்போவீர்கள். இடைப்பட்ட நேரத்துக்குக் கையால் செய்கிற வேலை ஏதாவது வையுங்கள். துணி மடிப்பது, அலமாரியை ஒழுங்கு செய்வது. படிப்பு வேலை ஓடாது, முயல வேண்டாம். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முடிவு காலையிலும் அதேதான் இருக்கும்.

தோற்றால் அன்றே காரணம் தேடாதீர்கள், முதல் இரவில் கிடைக்கும் காரணங்களில் பழிதான் அதிகம் இருக்கும். துக்கம் என்று பெயர் வையுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஜெயித்தால் பயிற்சி இன்னும் கடினம், ஏனென்றால் யாரும் அப்போது தன்னைக் கவனிப்பதில்லை. தோற்ற தரப்பு நண்பருக்கு ஏதாவது அனுப்பக் கை துறுதுறுக்கும். அந்தக் கட்டைவிரலை மறுபடி பாருங்கள். ஒரு நாள் கழித்து, அரசியல் இல்லாமல், "எப்படி இருக்கே?" என்று மட்டும் கேளுங்கள்.